துவரைமேல் பட்ட கண்

சித்தப்பாவுக்குப் பெண் பேசி முடித்த மறுவருடம் அவருடைய துவரைக்குக் கண் பட்டது. பட்டது யாருடைய கண் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என் அம்மாவுடையது.

ஜவ்வாது மலைக்கு ரோடு வராத காலம். எங்களுக்கு இருந்தது ஒரே கொல்லை, மானாவாரி நிலம். அப்பாவும் சித்தப்பாவும் நடுவில் ஒரு வரப்பைப் போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்பா எப்போதும்போலச் சோளத்தையும் துவரையையும் கலந்து விதைத்தார். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சோளம் உயர்ந்து துவரையை அமுக்குகிறது, நிலத்தின் சத்தையெல்லாம் உறிஞ்சுகிறது என்று சொல்லித் தன் பாதியில் துவரை மட்டும் போட்டார். முதல் வருடம் அப்படிக் காய்த்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதைப் பார்த்துத்தான் நெல்லிவாசல் பக்கம் ஒரு வீட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டது துவரை, இரண்டு மூட்டை. அடுத்த அறுப்பில் அதை அளந்துவிட்டால் கல்யாணம்.

அந்த அடுத்த வருடம் கொல்லை பூவும் பிஞ்சுமாக இருந்தபோது, கீரை பறிக்கப் போன அம்மா வரப்பில் நின்று, "இன்னாமா பூத்திருக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன். சித்தப்பாவும் இருந்தார். அதுதான் வினையாகிவிட்டது.

அந்த வாரமே ஒரு செடி தலை தொங்கியது. மண்ணில் ஈரம் இருந்தது, பூச்சி எதுவும் இல்லை, ஆனாலும் தண்ணீர் காணாததுபோல வாடியது. பிறகு அதைச் சுற்றி நாலைந்து. பிறகு திட்டுத் திட்டாக. சித்தப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூழ் குடிக்கும்போது பாதியில் எழுந்து கொல்லைக்குப் போவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். வாடிய செடியைப் பிடுங்கித் தண்டைக் கிழிப்பார். தோலுக்கடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். அதைப் பார்ப்பார், உடனே எங்கள் பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகத்தான் வாடியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை.

கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டி ஒன்றைக் கொம்பில் கவிழ்த்து நட்டார். அது பார்த்தது எங்கள் வீட்டு வாசலை. அம்மா காலையில் கதவைத் திறந்தால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். "அண்ணி, நீங்க இனிமே கொல்லப்பக்கம் வராதீங்க" என்று ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார். மரியாதை மட்டும் குறையவில்லை. "நான் இன்னா பண்ணேன்?" என்று அம்மா கேட்டதோடு சரி. அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

எனக்கு அம்மாவின் கண்ணைப் பார்க்கவே பயமாகிவிட்டது. சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சோளத்தின் வேரிலிருந்து கசியும் ஒருவகை நஞ்சு, துவரையின் வேருக்குள் ஏறும் பூஞ்சணத்தை மண்ணிலேயே அடக்கிவைக்கும் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். திருடன் என்று சித்தப்பா விரட்டியது காவல்காரனை. முதல் வருடம் மண்ணில் பூஞ்சணம் பெருகியிருக்காது. இரண்டாம் வருடம் தடுக்க ஆளில்லை. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் காலுக்கடியில் நடந்திருக்க, நாங்கள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அறுப்பில் சித்தப்பாவுக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. பரியம் கொண்டுபோக வேண்டிய நாளன்று காலையில் அவர் வாசலில் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். ஒடுகத்தூருக்கு இறக்கி விற்று உப்பும் துணியும் வாங்க வைத்திருந்த எங்கள் துவரையை அம்மா இழுத்துவந்து அவர் முன்னால் போட்டாள். மரக்காலை எடுத்து அளக்கத் தொடங்கினாள். தலை தட்டாமல், ஒவ்வொரு மரக்காலையும் குவித்து அளந்தாள்.

"எடுத்துனு போ தம்பி. பொண்ணு வூட்ல காத்துனு இருப்பாங்க."

சித்தப்பா நிமிரவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அப்போது தீர்ந்துபோனது. அம்மாதான் செடிகளைக் கொன்றிருக்கிறாள். செய்யாதவள் எதற்காக இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.