துணிக்கு அடியில் இருந்த படகு

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். மலாயாவில் மூவாருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் முதலில் வேலை போனவர்களில் என் புருஷனும் ஒருவர். சிங்கப்பூரில் ஏதாவது கிடைக்கும் என்று போனார். மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லை. நான் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டு, கைக்குழந்தையோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஊருக்குப் போற கப்பல்ல பேரு குடுத்துரு" என்பார்.

அடுத்த வீட்டு அக்காதான், மூவார் கடைத்தெருவுக்குப் பின்னால் சீட்டுப் பார்க்கும் அம்மாளிடம் என்னை இழுத்துப்போனாள். கப்பலில் சமையல் செய்த அந்த அம்மாளின் புருஷன் யாரோ வெள்ளைக்காரனிடம் வாங்கிய படச்சீட்டுகளாம். அந்த அம்மாள் சிவப்புத் துணியை விரித்து மூன்று சீட்டு வைத்தாள். முதலாவதில் ஒருவன் ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்கினான். இரண்டாவதில் இடி விழுந்து ஒரு கோபுரம் பிளந்தது. மூன்றாவதில் முக்காடிட்ட பெண்ணும் குழந்தையும் படகில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போனவன் திரும்ப மாட்டாம்மா. நீ கடல் தாண்டிப் போ. அங்க உன் தாய்மாமன் உனக்காக வாசலப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத் தாய்மாமனே கிடையாது.

ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கிராணி ஒருநாள் கேட்டிருந்தார். ஒருவருமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தாய்மாமன் இருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அந்தப் பொய்யை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் விசாரித்தேன். அந்த அம்மாளிடம் போய்வந்தவர்கள் எங்களைத் தவிர இன்னும் நான்கு பெண்கள். நால்வருக்கும் கடைசியில் படகுதான் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளிடம் தனியாகப் போனேன். இம்முறை அவள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தேன். சீட்டுக்கட்டிலிருந்து இரண்டை எடுத்தாள். மூன்றாவதற்கு அவள் கை துணியின் ஓரத்துக்குப் போனது. நான் துணியைத் தூக்கிவிட்டேன். அடியில் படகு இருந்தது.

"யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "கத்தாதம்மா. எல்லாரும் தானாப் போனா ஆபீசுக்குத் தொல்லை இல்ல. இங்க இருந்துதான் என்னத்தச் சாப்பிடப்போறீங்க? எனக்கும் இந்த ஊருல பொழப்பு ஓடணும்."

அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒனக்குத் தெரியாத மாமன் யாராச்சும் இருப்பாரு. எதையும் சந்தேகப்படாத புள்ள" என்றாள். தனக்கும் வந்த படகை நம்பி அடுத்த கப்பலில் அவள் போனாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி ஜொகூர் பாரு போய், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போனேன். நான்கு நாள் விசாரித்த பிறகு ஒரு மரக்கிடங்கில் என் புருஷனைக் கண்டுபிடித்தேன். கால் புண்ணாகி, சாக்குமேல் படுத்திருந்தார். குழந்தையைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"ரெண்டு கடுதாசி போட்டேனே, வரலியா?" என்றார்.

கிராணி மறைத்திருக்கலாம். இவர் எழுதாமலே இருந்திருக்கலாம். சீட்டுப் பார்த்ததிலிருந்து அந்த ஒரு மாதத்தில் எந்தப் பேச்சையும் புரட்டிப் பார்க்காமல் ஏற்க முடியாதவளாக ஆகியிருந்தேன். புண் ஆறி, அங்கேயே வேலை கிடைத்து, பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். சோறு போடும்போது சில நாள் திடீரென்று அந்தக் கடிதங்களைப் பற்றிக் கேட்பேன். இரண்டு கடிதம் என்பதை அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. எந்த மாதம் போட்டார் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது.