முகம் தெரியும் ஒரே ஷாட்

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பெயர் 'முதுகு'. இருபத்தெட்டு வருஷம் நாயகர்களுக்கு டூப் போட்டவர். மாடியிலிருந்து குதிப்பதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வதும் இவர். எல்லாம் முடிந்ததும் முடியைக் கோதிக்கொண்டு கேமராவைப் பார்ப்பது நாயகன். முகத்தைக் காட்டாமலிருப்பதுதான் டூப்புக்கு முதல் பாடம். தப்பித் தவறி மூக்கு நுனி தெரிந்துவிட்டால் சண்டை மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார்: "முதுகைக் காட்டுய்யா, முதுகை!"

இப்போது முட்டி இரண்டும் போய்விட்டன. வேலையை விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை ஒருநாள் கேட்டார்: "மாமா, ஏதாவது ஒரு படத்துலயாவது உங்க முகம் தெரியுமா?" கிண்டலே இல்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மனிதருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

கடைசிப் படத்தில் வெட்கத்தை விட்டு டைரக்டரிடம் வாய்திறந்தார். டூப் வேண்டாம், முகம் தெரிகிற மாதிரி ஓர் அடியாள் வேஷம் போதும்.

"உங்களுக்கு இல்லாததாண்ணே? ஹீரோ எட்டி உதைக்கிறாரு, நீங்க படிக்கட்டுல உருளுறீங்க. கேமரா உங்க மூஞ்சிக்கு நேரா."

நாயகனின் கால் இவர் இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். முதல் இரண்டு உதையும் காற்றுக்குப் போயின. மூன்றாவது பட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் டைரக்டர் "ஓகே" என்று கைதட்டி அடுத்த ஷாட்டுக்கு ஓடினார். இவர் கீழ்ப்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எழுந்துபோய் மானிட்டரில் பார்க்க யாரால் முடியும்?

படம் வந்தது. மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லோரையும் மதியக் காட்சிக்கு அழைத்துப் போனார். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

படமா அது? நாயகன் மலை உச்சியில் பன்னிரண்டு வருஷம் சண்டை பயின்றவனாம். அவன் ஒரு குத்து விடுவதற்குள் காட்சி ஒன்பது துண்டாகிறது. பறக்கும்போது இடுப்புக் கயிறு பளிச்சென்று தெரிகிறது, அதை அழிக்கக்கூட ஆளில்லை. முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். மாப்பிள்ளை மரியாதைக்காகக் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

படிக்கட்டு வந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாயகனின் கால் எழுந்தது. அது தாடையைத் தொடுவதற்குள் அடியாளின் தலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. சுத்தமான திருப்பம், தொழில் தெரிந்தவன் திருப்பம். பிறகு திரை நிறைய முதுகு, உருண்டு உருண்டு கீழே போயிற்று.

"அப்பா, நீங்க எப்போ வருவீங்க?" என்று மகள் அவர் காதோரம் குனிந்து கேட்டாள்.

"வரும்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று பேரும் இன்னும் ஒரு மணி நேரம் அந்தக் கொடுமையைச் சகித்துக்கொண்டு, பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் மகள் வெடித்தாள். "வெட்டிட்டானுங்கப்பா! அந்த டைரக்டருக்கு இப்பவே போன் போடுங்க."

"இவ்வளவு குப்பையையும் வெச்சவன், இவரோட ஒரு ஷாட்டை வெச்சா குறைஞ்சா போயிடுவான்?" என்றாள் மனைவி.

ஆமென்று தலையாட்டினால் போதும், டைரக்டர் தலையில் பழி விழுந்துவிடும். பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

"அவன் வெட்டல. வந்துச்சு. படிக்கட்டுல உருண்டது நான்தான். மூஞ்சியை நானே திருப்பிக்கிட்டேன்."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்களை யாரு திரும்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இருபத்தெட்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு ஒருநாள்தான் யாரும் சொல்லல."