நான் விட்டுவிட்டுப் படித்த வசனம்

"பொறுமையப் பத்தி நீ பேசப் போறியா? பால் பொங்கறதுக்குள்ள நாலு தபா மூடியத் தொறந்து பாக்கறவ நீ!"

என் முதல் சொற்பொழிவு இப்படித்தான் தொடங்கியது. சொன்னவர் காலா. அம்மாவின் அக்காவை எங்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்போம். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் காலா வீட்டுக் கூடத்தில் எட்டுப் பெண்கள் கூடுவார்கள். எல்லோருக்கும் குர்ஆனை அரபியில் ஓதத் தெரியும், பொருள் தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பைத் தடுமாறாமல் படிக்க அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதலில். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு, 'இன்றைய வாழ்வில் பொறுமையும் நம்பிக்கையும்' என்று வாரம் ஒன்றாகப் பேசுவதாக நானே அறிவித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் கையில் பொறுமையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. கிடைக்காவிட்டால் கல்லூரியே இல்லை என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, தெளிவாகச் சொல்லியிருந்தார். அதாவது, என் வீட்டில் இதுவரை ஒருவர்கூடப் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால்தான் நான் பட்டம் வாங்க முடியும். தெருவே சாட்சி சொல்லும் விஷயம். ஆனாலும் இ-சேவை மையத்தில் பதிந்த நாளிலிருந்து என் செல்போனில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் வந்துகொண்டிருந்தது.

காலாவும் அம்மாவும் பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கப் போகிறவர்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதை உட்கார்ந்த இடத்தில் செய்யும் காலாவுக்கு, மனிதர்களிடம் மட்டும் ஒரு நிமிடம் தாங்காது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் கிராம நிர்வாக அலுவலகத்தின் ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"இன்னா சார், எங்க பொண்ணு பேப்பரு இன்னா ஆச்சு? தூங்கிக்கினு இருக்குதா?"

எனக்கு மானம் போனது. ஆன்லைனில் விண்ணப்பித்த ஒருத்திக்கு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் காலா எதற்கு? எனவே அந்த வாரச் சொற்பொழிவை, வெளியே சொல்லாமல், காலாவுக்கென்றே தயாரித்தேன்.

பிள்ளையைப் பிரிந்த யாகூப் நபி தன் துயரத்தை இறைவனிடம் மட்டுமே முறையிட்டதைச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் வர ஒரு நாள் தாமதமானால் நாம் எத்தனை பேரிடம் முறையிடுகிறோம் என்று கேட்டேன். பெண்கள் தலை குனிந்தார்கள். பிறகு மூஸா நபியின் தாய்க்கு வந்தேன். பச்சைக் குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவர். பயப்படாதே என்ற வாக்கை நம்பிக் கையை எடுத்தவர். "நாமும் ஒப்படைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது நம்பிக்கை இல்லாதவர் செயல்" என்று முடித்தேன். சற்றுத் தள்ளி வரும் வசனம் அந்த முடிவுக்கு ஒத்துவரவில்லை. அதனால் படிக்கவில்லை.

காலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

பத்து நாள் கழிந்தது. சான்றிதழைப் பதிவேற்றக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தபோது, சும்மா கேட்பதுபோல் காலாவிடம் கேட்டேன்.

"ஆபீஸ்ல இன்னா சொல்றாங்க காலா?"

"நான் எங்க போனேன்? நீதானே சொன்ன, ஒப்படைச்சிட்டுக் கைய எடுக்கணும்னு. எடுத்துட்டேன்."

"அது உனுக்கா சொன்னேன்?"

"பின்ன யாருக்குச் சொன்ன? என் மூஞ்சியப் பாத்துதானே சொல்லிக்கினு இருந்த!"

வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்காத காலா, என் ஒரே ஒரு பேச்சைக் கேட்டுத் திருந்தியிருந்தார்.

மறுநாள் காலை அதே ஜன்னலில் நான் தலையை நீட்டினேன். உள்ளே இருந்த உதவியாளர் ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"உங்க வூட்டுல இருந்து தினம் ஒரு அம்மா வருவாங்களே, அவங்க கையில குடுத்து அனுப்பலாம்னு வெச்சேன்மா. பத்து நாளா ஆளையே காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தாளில் குறை ஒன்றே ஒன்று. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்று பெற்றோர் தரும் உறுதிமொழியில் அத்தாவின் கையெழுத்து இருந்தது. அம்மாவின் இடம் காலி. மறந்துபோய் விட்ட இடம் அல்ல அது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. நான் அழகாக நிரப்பிய படிவத்தில் மை அப்பிய கைநாட்டு ஒன்று இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். என் வீட்டார் படிக்காதவர்கள் என்று நிரூபிக்கும் தாளில், அதற்கான ஒரே நல்ல ஆதாரத்தை நானே ஒளித்து வைத்திருக்கிறேன்.

அத்தாவின் ஆட்டோவில் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். தறிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த அம்மா, காரணம் கேட்கவில்லை. பெருவிரலை மட்டும் நீட்டினார். இழை முறுக்கித் தேய்ந்த விரல். முதல் தடவை வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. சாம்பலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். அப்போது ஓரத்தில் சில ரேகைகள் தெரிந்தன.

"இது போதுமாம்மா, இன்னும் அழுத்தவா?" என்றார். போதும் என்றேன்.

அன்றே தாளை அலுவலகத்தில் காட்டி, அவர்கள் பதிந்துகொண்டதும் திரும்ப வாங்கினேன். கடைசி நாள் மாலை சான்றிதழ் வந்தது. இ-சேவை மையம் மூடுவதற்குள் பதிவேற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விட்டுவிட்ட வசனத்தைப் படித்தேன். குழந்தையை ஆற்றில் விட்ட தாய், அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. மகளை அனுப்பினார், பின்னாலேயே போய்ப் பார் என்று. அந்தப் பெண் தூரத்திலிருந்து கவனித்தபடியே கூடப் போனாள். நம்பியவர்தான் ஆளையும் அனுப்பியிருக்கிறார். இதை முன்பே படித்தும் சொல்லாமல் விட்டது நான்தான் என்று எட்டுப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டேன்.

காலா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப நான் ஜன்னல்ல எட்டிப் பாத்தது நம்பிக்கைல சேர்த்தியா இல்லியா?"

"சேர்த்திதான் காலா."

"எழுதிக் குடு. படிச்சவ நீ, நாளைக்கு மாத்திப் பேசுவ."

இப்போது கவுன்சிலிங் இணையப் பக்கத்தில் 'சரிபார்ப்பில் உள்ளது' என்று வருகிறது. பொறுமையாக இரு, தானாக மாறும் என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது அத்தா சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அன்று காலையே காலாவைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போய், அம்மாவின் கைநாட்டு இருக்கும் உறுதிமொழித் தாளை மேசையில் வைத்து, சரிபார்த்ததற்கு முத்திரையும் வாங்கி வந்திருந்தேன்.