ரீல் திருத்தும் அண்ணன் வீட்டில் இல்லை

மீன்பிடி ரீலில் ட்ராக் என்கிற பிரேக்கைத் திருத்துவது என்பது, தூண்டிலில் பட்ட மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூல் அறுந்துபோகாமல் அளவாக விட்டுக்கொடுக்கச் செய்யும் தொழில். இதில் நூலைவிட அடிக்கடி அறுந்துபோவது திருத்துகிறவரின் பொறுமை.

மட்டக்களப்பில், கல்லடி வாவிக்கரையோரம் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் இதைச் செய்கிறேன். மலிவு ரீல்கள் வெளியே பொன் போல மினுங்கும். திறந்தால் உள்ளே கம்பளித் துணியை வட்டமாக நறுக்கியது போன்ற வாசர் வளையங்கள், கிறீஸ் என்ற பொருளையே கண்டறியாமல் காய்ந்து கிடக்கும். பெரிய மீன் இழுத்தால் அவை ஒரு கணம் பிடிக்கும், மறு கணம் விடும். அந்தக் குலுக்கலில் நூல் அறும். நான் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, கார்பன் இழைத் தகட்டில் வெட்டிய வாசர்களை வைத்து, இடையில் வரும் இரும்பு வாசர்களை மினுக்கி, கிறீஸ் பூசி, வரிசை மாறாமல் அடுக்குவேன். பிறகு நூலில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவேன். போத்தல் குலுங்காமல் இறங்கினால்தான் ரீல் வீட்டை விட்டு வெளியே போகும்.

இவ்வளவையும் செய்கிறவள் சுகந்தினி என்கிற நான். என் கணவர் மருந்துக் கடையில் வேலை செய்கிறார். மீன் என்றால் அவருக்குச் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான். ஆனால் இங்கிருந்து கிரான் வரைக்கும் போய், ரீல் திருத்துகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவரைத்தான் சொல்வார்கள். நீங்கள் முறிந்து முறிந்து செய்த வேலைக்குப் பக்கத்து மேசைக்காரர் கைகுலுக்கல் வாங்குவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றவர்களா? அப்படியென்றால் நீங்கள் என் சாதிசனம். நான் கேட்பது பெரிய காரியமில்லை. நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று யாராவது ஒரு ஆள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நோண்ட வேண்டாம்

ஏறாவூரிலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு லீவில் வந்தவர். வாசல் படலையில் நின்றபடியே, "அண்ணன் இரிக்காரா?" என்றார். "அவர் வேலைக்குப் போயிட்டார். ரீல் வேலை நான்தான் செய்யிற, தாங்க" என்றேன். தந்தார். தந்த பிறகும் கைப்பிடியை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் கண் முன்னாலேயே மேல் திருகைக் கழற்றினேன். நூல் சுற்றிய உருளையைத் தூக்கினேன். கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, வாசர்களை ஒவ்வொன்றாகத் துவாயில் பரப்பினேன். கையெல்லாம் கிறீஸ், மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் வயிறு திறந்த ரீல். இதற்கு மேலும் ஒரு மெக்கானிக் எப்படித்தான் தோற்றம் தர வேண்டும்? மனிதர் பதறிப்போய் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்:

"அக்கா, அண்ணன் வாற வரைக்கும் அத நோண்டாம வெச்சிரிங்க, சாமான் ஏதும் துலைஞ்சா அவருக்குத்தானே கரைச்சல்."

அது கை, இது மெசின்

கல்லடிப் பாலத்தில் நின்று காலமெல்லாம் தடியில்லாமல் வெறும் கைநூலில் மீன் பிடித்த ஒரு மாமா இருக்கிறார். விரல்களில் நூல் அறுத்த தழும்புகள் வரிவரியாகக் கிடக்கும். இனியாவது விரல் பிழைக்கட்டும் என்று மகன் ஒரு மலிவு ரீல் வாங்கிக் கொடுத்திருந்தான். ட்ராக்கை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளே, ரீல் வழுக்குகிறது என்று திரும்பி வந்தார்.

"கைநூலில பெரிய கொடுவா இழுத்தா என்ன செய்வீங்க மாமா?" என்று கேட்டேன். "விரலால விட்டு விட்டுத்தான் புடிக்கிற" என்றார். "அதைத்தானே மாமா இதுவும் செய்யுது" என்றேன். "அது கை புள்ள, இது மெசின். மெசின் புடிச்சா புடிச்சதுதான்" என்றார். நான் அளவாகத் தளர்த்திக் கொடுத்த ட்ராக் திருகை அவர் படலை தாண்டுவதற்கு முன்பே மூச்சுப் பிடித்து இறுக்குவதை இந்தக் கண்ணால் கண்டேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே ஒரு கொடுவா நூலையும் தூண்டிலையும் கொண்டு போய்விட்டது, தடியின் நுனியும் முறிந்துவிட்டது. மாமா நேரே என்னிடம் வந்தார். "இறுக்கினது ஆர் மாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் வழியிலேயே பதில் யோசித்து வைத்திருந்தார்:

"ஊட்டுக்காரர் நல்லாத்தான் செஞ்சிருப்பாரு, நீதான் புள்ள இடையில கை வெச்சிரிப்பாய்."

கல்யாண வீட்டில்

கணக்கைக் கவனித்தீர்களா? நூல் ஓடினால் அவர், அறுந்தால் நான். இந்தக் கொதிப்பு அடங்க முன்னமே கொக்கட்டிச்சோலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முன்பின் தெரியாத ஒரு இளைஞர் ஓடி வந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்கட ட்ராக்! செப்பலி மீன் ஒண்டு இழுத்த இழுப்புக்கு நூல் நெய்யில போறாப் போல போச்சு. அறுந்து போகவே இல்ல!" என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன கிறீஸ் பாவிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். இப்போது என் கணவர் என்னைக் காட்டுவார் என்று சேலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன். அவர் வாயைத் துடைத்தார். ஒரு சிரிப்புச் சிரித்தார். "அதெல்லாம் வெளியில சொல்லேலாது" என்றார். ஆஹா என்ன தன்னடக்கம் என்று எல்லோரும் பூரித்துப் போனார்கள். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, என் பெயரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடுமா என்று கேட்டேன். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைத்தார். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"அத்தன பேருக்கு முன்னால எனக்குத் தெரியா எண்டு சொன்னா, உன்ட புருசனப் பாத்துத்தானேகா சிரிப்பாங்க?"

பரீட்சை

சரி, புகழ்தான் வந்துவிட்டது, தொழிலையாவது பழகட்டும் என்று மறுநாள் காலையில் ஒரு ரீலை அவர் முன்னால் வைத்தேன். மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நெம்பிய கம்பி வளையம் பறந்து போய் அலுமாரிக்குப் பின்னால் விழுந்தது. வாசர்களைப் பெரியது எல்லாம் ஒரு பக்கம், சின்னது எல்லாம் ஒரு பக்கம் என்று அழகு பார்த்து அடுக்கினார். போத்தலைக் கட்டித் தூக்கினார். அது இறங்கவில்லை, அவருடைய கால் பெருவிரலில் தொப்பென்று விழுந்தது. போத்தலைப் பார்த்தார், ரீலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"இது வேற மொடல்."

பலகை

இனி வாயால் சொல்லிப் பயனில்லை, எழுத்தில் போடுவோம் என்று பலகை ஒன்று எழுதக் கொடுத்தேன். எழுதுகிறவரும் என்னிடமே, "அண்ணன்ட பேர் என்ன?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். 'சுகந்தினி ரீல் திருத்தகம்' என்று மேலே பெரிதாக. அது போதாது என்று கீழே, 'ட்ராக் வேலை செய்பவர்: சுகந்தினி'. இதற்கு மேல் தெளிவாகத் தமிழில் எழுத முடியாது. பலகையை மாட்டும்போது என் கணவர் ஏணியைப் பிடித்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று பின்னேரம் கரடியனாற்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குளத்தில் விரால் பிடிக்கிறவர்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பலகையைச் சத்தமாக வாசித்தார்கள். மேல் வரி. கீழ் வரி. திரும்பவும் மேல் வரி. நான் யன்னலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ, இந்த மட்டக்களப்பில் முதல் முதலாக ஒரு வாய் உண்மையைச் சொல்லப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மூத்தவர் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியது போலிருந்தது. மற்றவரின் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"மனிசிட பேரையே ரெண்டு தரம் போட்டிரிக்காரு பாரு, பொஞ்சாதில இவ்வளவு உசிரா இரிக்கிற மனுசன் எங்கடா கிடைப்பான்!"

என் வாசர்கள் இந்த வாவியின் எந்தக் கொடுவாவையும் அடக்கிவிடும், என் வீட்டுக்காரரின் புகழ் ஓடுகிற ஓட்டத்தை அடக்கத்தான் எந்தத் தகட்டில் வாசர் வெட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை.