பட்டுத் துண்டில் வைத்த மெமரி

எண்பதுகளின் கடைசியில், சமயநல்லூர் அருகே ஒரு நூல் மில் அலுவலகத்தில் நான் எடுபிடி வேலை பார்த்தபோது நடந்தது இது. எனக்கு அப்போதே நாற்பதை நெருங்கும் வயது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள்.

எங்கள் முதலாளி, யாரோ பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதற்கென்று ஏ.சி. அறையும் கட்டினார். அதை இயக்க மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். நூல் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பெட்டி பாதியில் நின்றுவிடும். மெமரி போதவில்லை என்றாள் அவள்.

"அப்ப அதுக்கு வெண்டைக்காப் பொரியல் செஞ்சு போடு தாயி" என்று கணக்குப்பிள்ளை கிண்டலடிப்பார்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "மெமரிய கூட்டிப் பாப்போம். அப்பவும் ஓடலேன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிருவேன்" என்றார். பெட்டி போனால் அவள் வேலையும் போகும். வேலை போனால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அவள் அப்பா முன்பே சொல்லிவிட்டாராம். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

மெட்ராஸிலிருந்து பார்சல் வந்தது. உள்ளே ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு. அதில் பூரான் போலக் கால் முளைத்த சின்னச் சின்னச் சில்லுகளைக் குத்தி வைத்திருந்தார்கள். இதற்குப் போய் எதற்கு ஸ்பாஞ்சு என்று எனக்கு ஒரே யோசனை. கேட்கவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. மில்லுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் பொருத்துவோம். "குப்ப மாதிரி இதோடயா ஆத்தா முன்னாடி வைக்கிறது?" என்று முதலாளி ஸ்பாஞ்சிலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தோளில் கிடந்த பட்டுத் துண்டால் பளபளவென்று துடைத்து, அதிலேயே பரப்பித் தாம்பாளத்தில் வைத்தார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

பூஜை முடிந்து, மதுரையிலிருந்து இஞ்சினியர் வந்தார். சின்ன வயசுப் பையன். பெட்டியைத் திறக்குமுன் ஜன்னல் கம்பியைத் தொட்டார். அவர் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் தொட்டுக் கும்பிட்டேன். பிறகு தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாருண்ணே இதப் பட்டுல வச்சது?"

"நாந்தான்" என்றார் முதலாளி. "ஏம்ப்பா, ஆத்தா முன்னாடி வச்சது கெட்டா போயிரும்?"

"பாத்தாத் தெரியாது சார். மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் திரையில் எண்கள் ஏறின. பெட்டி தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்கிறதாம். கொஞ்ச தூரம் ஏறியதும் எண் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கழற்றினார், மாற்றினார், மறுபடி போட்டார். மத்தியானம் வரைக்கும் இதேதான். கடைசியில் சிலவற்றைத் தனியே ஒதுக்கினார். "இதெல்லாம் போச்சு. வரிச முழுசா ரொம்பினாத்தான் பெட்டி ஏத்துக்கும். தேறினத வச்சு ரெண்டுல ஒரு வரிசதான் ரொப்ப முடியும். கேட்டதுல பாதிதான் கூடும்."

பாதி போதுமா? யாருக்கும் தெரியாது. அவள் நூல் கணக்கைப் போட்டாள். வழக்கமாக நிற்கும் இடம் எனக்கும் பழக்கம். அங்கே வந்து தயங்கியது. தாண்டியது. சற்று நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது.

"ஓடுதுய்யா மாப்ள!" என்று கணக்குப்பிள்ளை என் முதுகில் ஒன்று வைத்தார். "ஆத்தா பாதியாச்சும் குடுத்தாளே" என்றார் முதலாளி. அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காபி கொடுக்கப் போனபோது இஞ்சினியர் தனியாக இருந்தார். எப்படித்தான் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "சார், அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சு எதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்கண்ணே" என்றார். காகிதத்தைப் பொடியாகக் கிழித்துப் போட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலை அதே பட்டில் தேய்த்து மேலே காட்டினார். பொடிகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. "நமக்கு உறைக்காத இம்புட்டுக் கரண்டு போதும், அதுக உசுரு போக. இது அண்டாமக் காக்குறதுதான் ஸ்பாஞ்சு. நான் கம்பியத் தொட்டதும் என் மேல உள்ளத எறக்கிவிடத்தான்."

"நான் சாமி கும்புடுறீங்கன்னு நெனச்சேன் சார்."

"நீங்களும் கும்புட்டீங்களே, பாத்தேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று யாரும் கெடுக்க நினைக்கவில்லை. மரியாதைதான் செய்தோம். அதில்தான் பாதி செத்துப்போனது. போன வருஷம் என் வீட்டுக்கு மருமகள் வந்தபோது, என்னவெல்லாம் செய்து போடலாம் என்று ஆளாளுக்குப் பரபரத்தார்கள்; நான் மட்டும், "உனக்கு எது ஆகாது தாயி?" என்று கேட்டேன், எதையும் கேட்கக் கூசுகிற எனக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் இப்போது கூசுவதில்லை.