மஞ்சள் பூசிய நிலைக்கால்

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிஷத்துக்கு எங்கள் வீட்டு வாசற்கதவை என் மனைவி சாத்தினாள். மழைச்சாரல் உள்ளே அடித்தது. கூடத்தில் விரித்திருந்த புதுப் பத்தமடைப் பாய் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் சாத்தினாள். அதன்பிறகு அந்தக் கதவு ஒரு கதவாகத் திறக்கவே இல்லை.

நான் சர்க்கார் மராமத்தில் ஓவர்சியர். சத்திரம், தாலுகாக் கச்சேரி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கட்டடமாகப் போய், சுவரில் ஓதம் எங்கே ஏறியிருக்கிறது, மரம் எங்கே இற்றிருக்கிறது என்று பார்த்து எஸ்டிமேட் எழுதுவது இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது பக்கத்தில் கதவைச் சாத்தினால் நான் முதலில் நிலையைத்தான் பார்க்கிறேன்.

அன்று என் மகள் கோமதியைப் பெண் பார்க்க ஏரலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கோமதிக்கு வயது பத்தொன்பது. எங்கள் தெருவில் அந்த வயதில் கல்யாணம் ஆகாத பெண் அவள் ஒருத்திதான். நான் படிக்க வைத்ததுதான் காரணம் என்று என் மனைவி பிச்சம்மாளும், ஜாதகம்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. கடைசியாக வந்தவர்கள் வண்டியைவிட்டு இறங்கும்போது எதிர்வீட்டில் யாரோ தும்மினார்கள். அந்த ஒரு தும்மலுக்காக, வைத்த பலகாரத்தைக்கூடத் தொடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏரல்காரர்கள் ஒன்பதுக்கு மேல் வருவார்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வாசல் வழியாக, வலதுகாலை முன்வைத்து உள்ளே வந்தாக வேண்டும். புறவாசல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது எருமைத் தொழுவுக்கும் சாணக்குவியலுக்கும் நடுவில் போகிறது. அந்த வழியாகச் சம்பந்தியை அழைத்து வந்தவன் இதுவரை உலகத்தில் இல்லை.

நாதாங்கி

ஏழு மணிக்கு மழை விட்டது. நான் முகக்ஷவரம் செய்துகொண்டிருந்தேன்.

"இங்கேருங்க, கதவு வரமாட்டேங்கு" என்றாள் பிச்சம்மாள்.

"மழைக்கு உப்பியிருக்கும். நாதாங்கியைப் பிடிச்சு நல்லா இழு."

'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "நாதாங்கி வந்துட்டு. கதவுதான் வரல."

பாதி முகத்துச் சோப்புடன் போய்ப் பார்த்தேன். அவள் கையில் நாதாங்கி, நாலு ஆணியோடு இருந்தது. ஆணிகளில் துரு. துருவோடு ஈரமான மரத்தூள் அப்பிக்கொண்டிருந்தது. நம் இலாகா ஆள் எவனும் அதைப் பார்த்த உடனே நின்று யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. "ஆணி பழசு" என்றேன்.

கதவுக்குப் பத்து நாளைக்கு முன்புதான் பச்சை வர்ணம் அடித்திருந்தேன், பெண் பார்க்க வருகிறார்களே என்று. அடிக்கும் முன்பு பழைய வர்ணம் கீழ்ப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சுவரில் கதவு நிலையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கொப்புளத்தைச் சுரண்டி வர்ணம் அடிக்கச் சொன்னேன். உப்பின்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். இதே இரண்டையும் ஒரு சத்திரத்து மணியக்காரர் செய்திருந்ததற்காக அவரை ஒரு மணி நேரம் நிற்கவைத்துப் பேசியவன் நான்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. என் ரிப்போர்ட்டுகளை நல்ல எழுத்தில் நகல் எடுப்பது கோமதிதான். அதே வாரம் ஒரு ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "அப்பா, 'நிலைக்கால் அடியில் பேனாக்கத்தி இரண்டு அங்குலம் இறங்குகிறது'ன்னு எழுதியிருக்கீங்கள்லா? நம்ம நிலைக்கால்ல என் கொண்டை ஊசி முழுசா இறங்குது" என்றாள்.

"ஏளா, அது மஞ்சள் பத்து" என்றேன். "உங்க அம்மா பூசின மஞ்சள்."

வெள்ளிக்கிழமைதோறும் பிச்சம்மாள் நிலையைக் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளியும் தவறியதில்லை. பழைய மஞ்சளின்மேல் புது மஞ்சள் ஏறி, நிலைக்காலின் அடி உரல்போல் பருத்து, பார்க்க மகா கெட்டியாக இருந்தது. விருந்தாளிகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் தினம் ஒற்றிக்கொண்டுதான் பேனாக்கத்தியோடு ஆபீசுக்குப் புறப்படுவேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி

புறவாசல் வழியாக இறங்கி, சாணத்தைத் தாண்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டு ஜவுளி வியாபாரி சங்கரன் அண்ணாச்சி பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். போன தடவை தும்மியது அவர்தான் என்று என் மனைவிக்குத் தீராத சந்தேகம்.

"என்ன ஓவர்சியர்வாள், சொந்த வீட்டுக்கே இன்ஸ்பெக்ஷனா?"

"கதவு கொஞ்சம் இறுகிட்டு, அண்ணாச்சி."

"இறுகாம என்ன செய்யும்? தெருவை உசத்தி எங்க வீட்டையெல்லாம் குழியில இறக்குனது யாரு வே? மழை பெஞ்சா ரோட்டுத் தண்ணி பூரா நம்ம வாசல்லல்லா வந்து குடியிருக்கு. எங்க வீட்டுல தவளை படியேறி வந்து என்ன விசேஷம்னு கேக்குது."

உண்மைதான். போன வருஷம் எங்கள் தெருவுக்கு மெட்டல் ஜல்லி போட்டு முக்கால் அடி உயர்த்தியது என் மேற்பார்வையில். லெவல் எடுத்தது நான். ரஸ்தாவில் தண்ணீர் நிற்கவில்லை என்று மேலே எழுதி அனுப்பியதும் நான். அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணாச்சி பல்குச்சியை எறிந்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். கதவு அசையவில்லை, ஆனால் தலைக்குமேல் எங்கோ 'நொறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணாச்சி வாய் கொப்பளிக்கத் தன் வீட்டுக்குள் போனார். பேனாக்கத்தியை எடுத்து இடது நிலைக்காலின் அடியில், மஞ்சளுக்கு உள்ளே விட்டேன். கத்தி போயிற்று. பிடியும் போகப் பார்த்தது.

கதவு உப்பவில்லை. கால் இற்றுப்போய், நிலையின் மேற்கட்டை இறங்கிக் கதவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நிலையைக் கதவுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது!

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். "உள்ள யாரு நிக்கா? எல்லாரும் தள்ளிப் போங்க!"

"எங்க போக? அடுப்புல கேசரி கெடக்கு" என்றாள் பிச்சம்மாள் உள்ளேயிருந்து.

"அப்பா, மேற்கட்டை இறங்கிட்டா?" என்று கோமதியின் குரல் கேட்டது.

"உனக்கு எதுக்குளா அது? நீ போய்ச் சேலையைக் கட்டு!"

உளி வைக்க நாள்

நான் ஆளனுப்பிக் கூப்பிட்ட தச்சர் மாடசாமி ஆசாரி எட்டரைக்கு வந்தார். நிலையைச் சுற்றிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். மேலே 'டங்' என்றது, அடியில் 'பொத்' என்றது. அதையும் நான் ரிப்போர்ட்டுகளில் எழுதியிருக்கிறேன்.

"போச்சு அய்யா" என்றார். "கதவு சுத்துற குடுமி நிக்கிற குழி இருக்கு பாத்தியளா, அம்மா கழுவுற தண்ணியெல்லாம் அதுலதான் இறங்கியிருக்கு. மேல மஞ்சள் பூசி மூடியாச்சு, உலர வழி ஏது? தெருத்தண்ணி வேற. ஊறுகாய் போட்டுல்லா வச்சிருக்கிய."

"சரி ஆசாரியாரே, ஒரு முட்டுக் குடுத்துட்டு அந்த நிலைக்காலைக் களத்தும்."

அவர் இரண்டடி பின்னால் போனார். "நிலையிலயா? உளி வைக்கவா? நாள் பாக்காமலா? பொண்ணு பாக்க வாற அன்னிக்கு ஒரு வீட்டு நிலையில கை வச்சேன்னு நாளைக்கு ஊரு என் வாயில மண்ணைப் போடும். கதவுன்னா தொடுதேன். நிலையத் தொடமாட்டேன்."

"கதவுதானய்யா நிலையைத் தாங்குது!"

"அப்ப கதவையும் தொடமாட்டேன்."

கெஞ்சினேன். ஒன்பது மணியாயிற்று. கடைசியில், நிலையைத் தொடாமல் தெருப்பக்கம் ஒரு முட்டு நிறுத்த மட்டும் சம்மதித்து, கட்டை கொண்டுவரப் போனார். ஒன்பதேகாலும் ஆயிற்று, ஒன்பதரையும் ஆயிற்று. ஆசாரி வரவில்லை, கட்டை எடுக்கவும் அவர் சகுனம் பார்த்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஒன்பது ஐம்பதுக்குத் தெருமுனையில் மாட்டுச் சலங்கை கேட்டது.

வண்டி வந்து நின்றது. முதலில் பையனின் தகப்பனார் குடையோடு இறங்கினார். பிறகு பையன் இறங்கினான். பெண் பார்க்கப் பையனும் வருவது இப்போது வந்திருக்கும் பழக்கம். பட்டணத்தில் சட்டம் படிக்கிறானாம். நான் வாசலை மறந்து, கையைக் கூப்பிக்கொண்டு ஓடினேன்.

"வாங்க, வாங்க. ஒரு நிமிஷம் இங்கன நிக்கலாம். காத்து நல்லா வருது" என்றேன். தெரு நடுவில், சேற்றில் நின்றுகொண்டு.

"பத்தரைக்கு ராகுகாலம் பாத்தியளா?" என்றார் அவர், கதவைப் பார்த்துக்கொண்டே. "வாசல் ஏன் அடைச்சிருக்கு?"

இங்கேதான், எதிர்வீட்டிலிருந்து மறுபடி வந்த சங்கரன் அண்ணாச்சி, விஷயம் தெரியாமல் எனக்கு உதவி செய்ய நினைத்தார். "ஒண்ணுமில்ல, மழைக்குக் கதவு கொஞ்சம் இறுகியிருக்கு. ஒரே ஒரு தள்ளு" என்றார். நான் திரும்புவதற்குள் நாலடி பின்னால் போய், ஓடிவந்து, தோளால் மோதினார்.

கதவு உள்ளே போயிற்று. அதோடு இடது நிலைக்காலும் போயிற்று. பிறகு மாவிலைத் தோரணம், கொஞ்சம் சுண்ணாம்பு, கடைசியில் அண்ணாச்சி. எல்லாம் பத்தமடைப் பாயின்மேல் போய் விழுந்தன.

தூசி எழும்பியது. என் மகள் உள்ளே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் கண் பழக்கத்தினால் ஒடிந்த காலின் அடியைத்தான் முதலில் பார்த்தது. மஞ்சள் பத்து மட்டும் குழாய்போல் படியில் நின்றது. உள்ளே மரம் என்று ஒன்று இல்லை. ஈரமான மூக்குப்பொடி இருந்தது.

ஆகையால் தம்பிமாரே, வாசலில் ஓதம் பார்க்கப் போனால், பூசியிருப்பது எதுவோ அதன் அடியில் பாருங்கள். மஞ்சளோ வர்ணமோ சுண்ணாம்போ, அழகாக இருக்கிற இடத்தில்தான் கத்தியை முதலில் விட வேண்டும். குடுமிக்குழியில் தண்ணீர் நிற்கிறதா, தெரு வாசலைவிட உயரமா என்று கேளுங்கள். கதவு மழையில் இறுகி வெயிலிலும் இளகாவிட்டால் அது உப்பல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் உங்கள் ரிப்போர்ட்டை யாராவது வாசிக்கிறார்கள் என்றால், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தூசி அடங்கிற்று. நிலையின் மேற்கட்டை ஒரு சாண் சரிந்து, அந்தரத்தில் நின்றது. அதன் அடியில் ஓரமாக ஒரு உலக்கை. உலக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அரக்குப் பட்டுச்சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக, முகமெல்லாம் சுண்ணாம்பு அப்பி, கோமதி நின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் உள்ளே முட்டுக் கொடுத்திருக்கிறாள், நகல் எடுத்த ரிப்போர்ட்டில் உள்ளபடியே.

"அப்பா, விட்டா இறங்கிரும். நான் விடமாட்டேன்" என்றாள். உலக்கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பையனின் தகப்பனார் குடையை மடக்கினார். "நாம வந்து எறங்கவும், நிலை விழவும் சரியா இருக்கே" என்றார் மெதுவாக. வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். தும்மல் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

அப்போதுதான் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், மூட்டுவலியோடு, முக்காலிமேல் காலை வைத்து ஒவ்வொரு அடியாக இறங்கி வந்து சேர்ந்தார். பையனின் தாயார். விழுந்து கிடந்த கதவையும், அதன்மேல் கிடந்த அண்ணாச்சியையும், உலக்கையையும், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, மரம் மாதிரி பாத்துட்டே நிக்கியே, பைய உள்ள போயி அந்த உலக்கையைப் பிடிலே. பிள்ளைக்குக் கை கடுக்கும்லா."