நான் அடுக்கி வைத்த சீட்டுகள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும்.

தொண்ணூறுகளில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். மருமகள் காட்டாங்குளத்தூரில் கம்ப்யூட்டர் மேல்படிப்பு படித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூடம் முழுக்கப் படிப்புக்காக எழுதிய சீட்டுகளைப் பரப்பி, சீட்டுக்குச் சீட்டு நூல் ஓட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். வெள்ளியன்று வீடு கழுவாமல் நான் விளக்கேற்றியதில்லை. சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி, நூலைச் சுற்றி வைத்துவிட்டுக் கழுவினேன்.

குளித்து வந்தவள் தரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா முறைக்கிற? அடுக்கித்தானே வச்சேன், கிழிச்சா போட்டேன்?"

"ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு வரிசையா நடக்கிற வேலை அத்தை. பல கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல செய்யற மாதிரி அதைப் பிரிச்சிருந்தேன். எது எதுக்குக் காத்திருக்கணும்னு நூல்தான் காட்டுச்சு. திரும்ப வரிசையாக்கிட்டீங்களே! கடைசி வருஷ ப்ராஜெக்ட், பத்து மணிக்கு சார்கிட்ட காட்டணும்."

அழுதுகொண்டே மறுபடி பரப்பினாள். நானும் உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு சீட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே இருந்தேன். பாதியோடு பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த வருஷம் அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை.

பேரக் கண்ணு, நான் எழுதினதைச் சத்தமாகப் படி. உன் அம்மா உள்ளேதான் இருக்கிறாள், அவள் காதில் விழட்டும்.